கடலோரத்தில் ஐம்பது பேர் கல்யாணம்: படம் எடுக்கும் முன் மதுரையில் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையில் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஆயிரம் பேர், நாலு பந்தி, வாசலில் மொய் மேசை என்று நடக்கும் மண்டபக் கல்யாணங்கள்தான் இன்னும் எங்கள் சோறு. ஆனால் "அண்ணே, கடற்கரையில வச்சுக்கிறோம், நெருங்குன சொந்தம் மட்டுந்தான்" என்று பேச்சை ஆரம்பிக்கிற பிள்ளைகள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கடற்கரைக் கல்யாணம் என்றால் வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களா?

திருச்செந்தூரில் வைத்துத் தாலி கட்டிவிட்டு வருவது நம் பக்கத்தில் எப்போதும் இருந்த வழக்கம்தானே. வேண்டுதல் என்பார்கள், செலவு குறைவு என்பார்கள், சில வீடுகளில் காரணத்தைச் சொல்லவே மாட்டார்கள். ஒரு வேன், இரண்டு கார், நாற்பது பேர். அதற்கு டெஸ்டினேஷன் வெட்டிங் என்று பெயர் வைத்ததும்தான் அப்பத்தாக்கள் பயப்படுகிறார்கள். பெயரைச் சொல்லாமல் "சாமி ஊருல வச்சுக்கிறோம்" என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

எத்தனை பேர் வரைக்கும் சின்னக் கல்யாணம்?

என் கணக்கு ஐம்பது. முகூர்த்தம் முடிவதற்குள் எல்லார் முகமும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட வேண்டும். யார் தாய்மாமன், யார் சித்தி, யார் யாரோடு பேசுவதில்லை என்பது உட்பட. நூறைத் தாண்டினால் அது மண்டபக் கல்யாணம்தான், மண்டபம் மட்டும் இருக்காது.

மதுரையிலிருந்து எந்தக் கடலுக்குப் போகலாம்?

பக்கத்தில் இருப்பவை மண்டபம் என்ற ஊரும் ராமேஸ்வரமும். ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர், காரில் மூன்று மூன்றரை மணி நேரம். படம் எடுப்பவன் கண்ணில் எனக்குப் பிடித்த இடம் மண்டபம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு துண்டு நிலம், பனைமரங்கள், தூரத்தில் பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலம் என்று ஒரே கடல் மூன்று காலத்தைப் பார்த்துவிட்டது.

திருச்செந்தூரில் கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது, ஆனால் கூட்டமில்லாத நாள் கிடையாது. ஐம்பது பேர் கல்யாணத்தில் பின்னால் ஐந்நூறு பேர் குளித்துக்கொண்டிருப்பார்கள். அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றால் எனக்கும் இல்லை. கூட்டத்தின் நடுவே மாலையோடு நிற்கிற ஜோடிக்கு ஒரு தனி அழகு உண்டு. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் மணப்பாடு. மணல்குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே வள்ளங்கள். கன்னியாகுமரி சுமார் 245 கிலோமீட்டர். சூரியன் எழுவதையும் விழுவதையும் ஒரே ஊரில் நின்று பார்க்கலாம் என்பது பெரிய வசதி, ஆனால் அங்கே தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எந்த மாதம் நல்லது?

ஆடியும் மார்கழியும் வீட்டிலேயே கழிந்துவிடும், புரட்டாசியையும் பல வீடுகளில் தள்ளிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் நிறைய இருக்கும், வடகிழக்குப் பருவமழையும் இருக்கும். மிச்சத்தில் நான் முதலில் சொல்வது தையும் மாசியும்.

மாதத்தைப் போலவே கடலையும் பார்க்க வேண்டும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். தனுஷ்கோடியில் கேட்டால் ஒன்று பெண் கடல், ஒன்று ஆண் கடல். தை மாதம் வாடை அடிக்கும்போது வடகடல் கலங்கி இருக்கும், தென்கடல் சாதுவாக இருக்கும். வைகாசி, ஆனியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பியதும் இது தலைகீழ்: தென்கடல் சீறும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். இதில் எனக்கு ஒரு லாபம். தையில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது, ஆனியில் வடகிழக்கில். ஆக, கடல் அமைதியாக இருக்கும் பக்கமே சூரியனும் சாய்ந்து எழுகிறது. தையில் தென்கரை, ஆனியில் வடகரை என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று கெஞ்சுவது இதனால்தான்.

தாலி கட்டும்போது எங்களுக்குப் பின்னால் கடல் தெரிய வேண்டும். முடியுமா?

எல்லாரும் கேட்பது இது. நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் முடியாது.

சடங்குப்படி பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். நம் கடலோ பெரும்பாலும் கிழக்கே இருக்கிறது. அப்படியானால் கடல் இருப்பது உங்கள் முகத்துக்கு எதிரே. நீங்கள் கடலைப் பார்ப்பீர்கள், நான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று உங்களைப் பார்ப்பேன். படத்தில் உங்களுக்குப் பின்னால் விழுவது ரிசார்ட்டின் தண்ணீர்த் தொட்டியும் சமையல்காரரின் டெம்போவும். நெட்டில் நீங்கள் பார்த்த படங்கள் பல, கடல் மேற்கே இருக்கிற கேரளத்துக் கோவளத்திலோ கோவாவிலோ எடுத்தவை. அங்கே கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் கடல் தானாகவே முதுகுக்குப் பின்னால் வந்துவிடும்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மண்டபம் போல வடக்கிலும் தெற்கிலும் கடல் இருக்கிற இடம். கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாலும் பக்கவாட்டில் நின்று எடுத்தால் கடல் கிடைக்கும். பக்கவாட்டுக் கோணம்தான் எனக்கும் பிடிக்கும். தாலி முடியும் கை, குனிந்த கழுத்து, மூன்றாவது முடிச்சுக்குக் காத்திருக்கும் நாத்தனார் மூன்றும் ஒரே சட்டத்தில் வரும். இரண்டு, உங்கள் வீட்டு ஐயரிடம் வடக்குப் பார்த்து உட்காரலாமா என்று கேட்பது. சிலர் சம்மதிக்கிறார்கள். நான் கேட்க மாட்டேன், அது என் வேலை இல்லை. மூன்று, சுயமரியாதைத் திருமணம். 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளலாம், புரோகிதர் தேவையில்லை. திசையும் உங்கள் விருப்பம். கடலோரச் சின்னக் கல்யாணங்களில் இதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கணிசம். மேடையை எப்படித் திருப்பலாம் என்று முந்தின நாள் மாலையே காம்பஸை வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கடல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். தாலி கட்டும் நிமிடம் உங்கள் அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்புவது ஒரே ஒரு தடவை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் அப்பாவை எடுப்பேன்.

முகூர்த்தம் 4.30 – 6. இருட்டில் எப்படி எடுப்பீர்கள்?

ராமேஸ்வரம் பக்கம் தையில் சூரிய உதயம் ஆறரையை ஒட்டி, ஆனியில் ஆறுக்குச் சற்று முன். ஆக, 4.30 – 6 என்றால் பெரும்பகுதி இருட்டு. ஃபோகஸ் லைட்டைத் தூக்கி நிறுத்தினால் கடற்கரையும் கல்யாண மண்டபமும் ஒன்றுதான். குத்துவிளக்கு, ஹோமத்தீ, பந்தலில் மஞ்சள் குண்டு பல்பு நாலைந்து போதும், 35 எம்எம் 1.4 லென்ஸ் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் 6 – 7.30 முகூர்த்தம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சூரியன் நேராக மேலே ஏறுகிறது, அந்தப் பொன் வெளிச்சம் முக்கால் மணி நேரம் நின்றால் அதிகம். அழகர் தங்கை கல்யாணத்துக்குத் தாமதமானார், திரும்பிப் போனார், ஊரே இன்னும் அதைக் கொண்டாடுகிறது. மேக்கப் முடியவில்லை என்று நீங்கள் தாமதமானால் யாரும் கொண்டாட மாட்டார்கள்.

ஆறு மணிக்கு முன் ஒலிபெருக்கி போடச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள். நாதஸ்வரத்துக்கு மைக் எதற்கு, அலையைத் தாண்டிக் கேட்கும்.

பகல் பதினொரு மணிக்கு வெளியில் எடுக்கலாமா?

வேண்டாம். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நாலரைக்கு எழுப்புகிறேன்.

காற்றில் புடவையும் பூவும் என்ன ஆகும்?

முந்தானை கழுத்தைச் சுற்றும், மாப்பிள்ளையின் துண்டு பறக்கும், அட்சதை திரும்பி வந்து போட்டவர் மேலேயே விழும். இதெல்லாம் நல்ல படங்கள், தடுக்காதீர்கள். தடுக்க வேண்டியது ஹோமப்புகை. காற்று வரும் பக்கம் பந்தலில் தென்னங்கீற்றுத் தட்டியைக் கட்டச் சொல்லுங்கள். துணியாகக் கட்டினால் பாய்மரம் ஆகிவிடும்.

மல்லி விஷயத்தில் மதுரைக்காரர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் முதல்நாள் மாலை வாங்கிய சரம் உப்புக்காற்றில் காலைக்குள் பழுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அங்கேயே கட்டுங்கள். தையில் பனியால் வரத்து குறைந்து மல்லி விலை எங்கேயோ நிற்கும், பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். புடவையில் அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் எல்லாம் மணலுக்கு எதிரில் எடுபடும். சந்தன நிறமும் வெளிர் தங்கமும் மணலோடு மணலாகக் கரைந்துவிடும்.

உப்புக்காற்றில் கேமரா தாங்குமா? நடுவில் பழுதானால்?

இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் இரண்டு கார்டு. ஒன்றில் 35 எம்எம் லென்ஸ், இன்னொன்றில் 85. மணலில் நின்று லென்ஸ் மாற்றுவதே இல்லை. மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, உலர்துணியால் இன்னொரு தடவை. டிரைபாட் காலைக் கழுவாமல் விட்டால் அடுத்த வாரம் திருகு சுற்றாது.

உப்பைவிட மோசமான எதிரி ஏசி அறை. இதை நான் கற்றுக்கொண்டது அடி வாங்கித்தான். தொழிலின் தொடக்கத்தில் ஒரு கடலோரக் கல்யாணம். இரவு முழுக்க ஏசி போட்டுத் தூங்கிவிட்டு, கேமராவை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். லென்ஸ் கண்ணாடி முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கத் திரும்பப் படிகிறது. கெட்டிமேளம் கேட்கிறது. தாலி கட்டும் படம் எல்லாம் பனிமூட்டத்தில் எடுத்தது போலத்தான் வந்தது. பெண்ணின் அம்மா பார்த்துவிட்டு, "மார்கழி மாசத்துல எடுத்த மாதிரி இருக்கு தம்பி" என்றார். மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது கேமராப் பையை முந்தின இரவே ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுவேன். அல்லது மூடிய பையோடு அரை மணி நேரம் முன்னால் வெளியே கொண்டுவந்து, சூடு ஏறிய பிறகுதான் திறப்பேன்.

எத்தனை பேர் வருவீர்கள்?

நானும், வீடியோவுக்கு ஒருவரும், ஒரு உதவியாளரும். கிரேன், எல்இடி திரை, கேமரா ஓடும் தண்டவாளம் எதுவும் கிடையாது. மண்டபத்தில் ஆயிரம் பேர் இருக்கும்போது எட்டுப் பேர் கேமராவோடு நின்றாலும் கூட்டம் அவர்களை விழுங்கிவிடும். நாற்பது பேர் கல்யாணத்தில் எட்டுப் பேர் என்றால் ஐந்து விருந்தாளிக்கு ஒரு கேமராக்காரன். அங்கே யாராலும் நிம்மதியாக அழவோ சிரிக்கவோ முடியாது. சின்னக் கல்யாணத்தில் நான் மறைவதற்குக் கூட்டம் இல்லை, அதனால் நானே சின்னதாகிக்கொள்ள வேண்டும். முந்தின நாளே வந்து, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டால் மறுநாள் கேமராவை யாரும் கவனிப்பதில்லை. அதற்காகத்தான் ஒரு நாள் கூடுதலாகத் தங்கக் கேட்கிறேன், கடலில் குளிப்பதற்கு அல்ல. அதுவும் நடக்கும்.

கீழக்கரைப் பக்கம் நிக்காஹ் என்றால், பெண்கள் பக்கம் எடுக்கப் பெண் புகைப்படக்காரர் வருவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்களுக்கு போஸ் கொடுக்க வராது.

நல்லது. அலையில் கால் நனைத்துக்கொண்டு சும்மா நடங்கள், பேசிக்கொண்டே போங்கள், நான் தள்ளி வருவேன். தூக்கிச் சுற்றுவது, மணலில் இதயம் வரைவது எல்லாம் நான் கேட்க மாட்டேன். நீங்களாகச் செய்தால் எடுப்பேன்.

ட்ரோன் உண்டா?

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் என்றால் என் பதில் இல்லை. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வானத்தில் கல்யாண வீடியோவுக்காக ஒரு பொருளைப் பறக்கவிடுவது விளையாட்டு அல்ல. மற்ற இடங்களில் ட்ரோன் விதிகள் 2021-இன்படி பறக்கவிடலாம் என்ற மண்டலமா என்று பார்த்து, பதிவு செய்த கருவி, ரிமோட் பைலட் சான்றிதழ் உள்ள ஆள் என்றால் செய்யலாம். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் கூடாது. மேலே வண்டு மாதிரி இரைந்தால் மந்திரமும் கேட்காது, அலையும் கேட்காது.

கோயிலுக்குள் தாலி கட்டினால் படம் எடுக்கலாமா?

2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்கே தடை. அந்த வழக்கு தொடங்கியதே திருச்செந்தூரிலிருந்துதான். கல்யாணத்துக்கென்று கோயில் நிர்வாகம் ஒதுக்கும் இடத்தில் என்ன அனுமதி என்று நீங்கள் எழுதி வாங்கிக் கொடுங்கள், அதற்குள் நின்று எடுக்கிறேன். மறைத்து எடுக்கச் சொல்லாதீர்கள். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் திருப்பலி ஆலயத்துக்குள்தான். பங்குத்தந்தை சொல்லும் இடத்தில் நிற்பேன், கடற்கரை அதற்குப் பிறகு.

தனுஷ்கோடியில் எடுக்க வேண்டும் என்று ஆசை.

எடுக்கலாம். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் அது. இடிந்து நிற்கும் தேவாலயச் சுவருக்கு முன் மாலையும் கழுத்துமாக நின்று சிரிப்பது எனக்கு ஒட்டவில்லை, உங்களிடம் அதைச் சொல்லிவிடுவேன். அரிச்சல்முனை வேறு. இரண்டு கடலும் சேரும் மணல்முனை, பகலில் கூட்டம், காலையில் காற்றும் நீங்களும்தான். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் இருக்க விடமாட்டார்கள், சூரிய அஸ்தமனத்துக்காகப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். நீரில் இறங்கவும் வேண்டாம், அந்த முனையில் இழுப்பு அதிகம்.

இரவில் கடற்கரையில் வாணவேடிக்கை, பலூன் வைக்கலாமா?

தையிலிருந்து பங்குனி வரை தமிழகக் கரைகளில் பங்குனி ஆமை என்ற கடலாமைகள் முட்டையிட ஏறும் காலம். பளிச்சென்ற விளக்கு அவற்றைத் திசை திருப்பும். இரவில் மணலில் பிளாஷ் அடிக்க மாட்டேன். பலூனும் ஜிகினாத் தாளும் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

மழை வந்தால்?

எடுப்பேன். குடை மட்டும் கறுப்போ ஒரே நிறமோ வாங்கி வையுங்கள், விளம்பரக் குடை வேண்டாம்.

முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவீர்களா?

மாட்டேன். மூன்று நாள் கடல்வெயிலில் எல்லாரும் ஒரு சுற்று கறுத்திருப்பார்கள், அது அந்த ஊரின் ஞாபகம். வெள்ளை வேட்டியும் மணலும் கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் தரும். மாநிறமும் கறுப்பும் அதில் மினுங்குகிற மாதிரி வேறெங்கும் மினுங்காது. அதன் மேல் சுண்ணாம்பு அடிக்க எனக்கு மனம் வராது. பரு, கீறல் இருந்தால் எடுத்துவிடுகிறேன்.

கூப்பிடாத சொந்தக்காரர்கள் படத்தைப் பார்த்தால் சண்டை வருமே?

வரும். உசிலம்பட்டிப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். மொய் என்பது வரவு செலவு. இருபது வருடம் ஊரெல்லாம் செய்த மொய்யைத் திரும்ப வாங்க ஒரு விசேஷம் வேண்டாமா என்று உங்கள் அப்பா கேட்பது நியாயம். அதனால் பல வீடுகளில் கடற்கரையில் தாலி, அடுத்த வாரம் மதுரையில் வரவேற்பு என்று வைத்துவிடுகிறார்கள். அதுவரைக்கும் நான் எங்கேயும் ஒரு படம்கூடப் போடுவதில்லை. நீங்களும் உங்கள் நண்பர்களைக் கட்டிப்போடுங்கள். ஸ்டேட்டஸ் வைத்துக் குடும்பத்தைப் பிரிப்பவர்கள் அவர்கள்தான்.

படங்களின் உரிமை யாருக்கு?

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. 1957 பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு. என் பக்கத்தில் காட்ட வேண்டுமானால் உங்களிடம் எழுதிக் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கட்டணம் எப்படி?

நாள் கணக்கு. முந்தின நாள், கல்யாண நாள், மறுநாள் காலை. வண்டியும் தங்கும் இடமும் உங்களுடையது. சாப்பாடு உங்கள் பந்தியிலேயே. ஆள் குறைவு என்பதால் கட்டணம் பாதியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறைவது ஆல்பத்தின் பக்கங்கள்தான், வேலை இல்லை. தேதி மாறினால் முன்பணத்தை அடுத்த தேதிக்கு வைத்துக்கொள்வேன். புயல் எச்சரிக்கையால் நின்றால் பேச்சே இல்லை, திருப்பித் தருவேன்.

படம் எப்போது கையில் வரும்?

பதிவுக்கான படம் மறுநாளே. தமிழ்நாட்டில் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும், மாலையோடு இருவரும் நிற்கும் படத்தைத் தனியாக அச்சிட்டுத் தருகிறேன், பத்திரிகையோடு சேர்த்து வையுங்கள். சின்னக் கல்யாணத்துக்குச் சிலர் பத்திரிகையே அடிப்பதில்லை, பத்துப் பிரதியாவது அடித்துக்கொள்ளுங்கள். மற்றப் படங்கள் ஒரு மாதத்தில். ஆல்பம் நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாளிலிருந்து ஆறு வாரம். தேர்ந்தெடுக்கவே இரண்டு வருடம் எடுத்துக்கொண்ட ஜோடியும் உண்டு, அதற்குள் அவர்கள் பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்தும் படமும் எடுத்துவிட்டேன்.